செவிவழிக் கதையும் அரசாங்க ஏடும்: வன்னியில் ஓர் ஊரின் வரலாற்றை எழுதுவோருக்கான முழுமையான வழிகாட்டி

வட இலங்கையின் வன்னிப் பகுதியில், ஒட்டுசுட்டானுக்கு அண்மையில் உள்ள கற்சிலைமடுவில் ஆங்கிலேயர் காலத்துக் கல் ஒன்று நாட்டப்பட்டிருந்தது. இந்தச் சுற்றுவட்டத்தில் கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார், 1803 ஒக்டோபர் 31 என்பதே அதில் ஆங்கிலத்தில் பொறிக்கப்பட்டிருந்த செய்தி. அதே ஆண்டு ஓகஸ்ட் 25 ஆம் நாள், ஆங்கிலேயரை எதிர்த்த வன்னித் தலைவனான பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றினான். அங்கிருந்த படையினர் கடல்வழியாக யாழ்ப்பாணத்துக்குத் தப்பிச் சென்றனர். கற்சிலைமடுக் கல்லில் அந்த நாளுக்கு ஒரு வரி கூட இல்லை. கல்லில் பொய் எழுதப்பட்டிருந்தது என்று நான் சொல்லவில்லை. எந்த நாளைக் கல்லில் பொறிப்பது, எந்த நாளை விடுவது, வாக்கியத்தில் யாரை எழுவாயாக நிறுத்துவது என்ற மூன்றையும் வென்றவரே முடிவு செய்தார் என்பதையே கவனிக்கச் சொல்கிறேன்.

வன்னியில் ஊர் வரலாறு பெரும்பாலும் கும்பாபிஷேக மலர்களிலும், பாடசாலை நூற்றாண்டு மலர்களிலும், பிரதேச விழா மலர்களிலுமே எழுதப்படுகிறது. எழுதுபவர்கள் ஆசிரியர்கள், கோயில் பரிபாலன சபைச் செயலாளர்கள், பல்கலைக்கழகத்தில் இருந்து விடுமுறைக்கு வந்த பிள்ளைகள். இவர்கள் கையில் முதலில் கிடைப்பது முந்தைய மலர்; அந்த மலர் அதற்கும் முந்தைய ஒன்றைப் பார்த்து எழுதப்பட்டது; அந்தத் தொடரைப் பின்னோக்கிப் பிடித்துக்கொண்டு போனால், பல இடங்களில் ஒரு வெள்ளைக்கார உத்தியோகத்தரின் பக்கத்தில் போய் நிற்போம். ஊரில் உள்ள முதியவர் சொல்வது 'செவிவழிக் கதை' என்றும், உத்தியோகத்தர் எழுதியது 'ஆதாரம்' என்றும் பிரிக்கப்படுகிறது. ஆனால் அந்த உத்தியோகத்தரும் தமது குதிரையை மர நிழலில் கட்டிவிட்டு, ஊர் அதிகாரிகளான உடையாரிடமோ விதானையிடமோ, மொழிபெயர்ப்பாளர் வாயிலாகக் கேட்டுத்தான் எழுதினார். அவர் ஏடும் செவிவழிக் கதையே. அந்நியர் ஒருவர் தம் காதில் விழுந்த அளவுக்கு, தமக்குத் தேவைப்பட்ட அளவுக்கு எழுதி வைத்த செவிவழிக் கதை. இரண்டு சாட்சிகளையும் ஒரே கூண்டில் ஏற்றி, ஒரே கேள்விகளைக் கேட்பது எப்படி என்பதை இந்த வழிகாட்டி படிப்படியாகச் சொல்கிறது.

முதற்படி: கேள்வியைச் சிறிதாக்குங்கள்

'வன்னியின் வரலாறு' என்று தொடங்கினால் மூன்றாம் பக்கத்திலேயே பிறர் எழுதியதைப் படியெடுக்க நேரிடும். ஒரு குளம், ஓர் ஊர்ப்பெயர், ஒரு கோயிலின் பொங்கல் உரிமை, ஆட்கள் எழும்பிப்போன ஒரு குடியிருப்பு என ஏதேனும் ஒன்றை எடுங்கள். "எங்கள் குளத்தின் கட்டு எப்போது உடைந்தது, யார் கூடிக் கட்டினார்கள், அதற்குப் பிறகு வயல் எப்படிப் பங்கிடப்பட்டது?" என்பது போதுமான கேள்வி. அதற்கு நேர்மையாக விடை தேடப் புறப்பட்டால் ஒல்லாந்தர் காலமும் ஆங்கிலேயர் காலமும் தாமாகவே வந்து சேரும்.

இரண்டாம் படி: நூலகத்துக்கு முன் ஊருக்குப் போங்கள்

இந்த வரிசையை மாற்றக்கூடாது. நான் ஒருமுறை மாற்றிவிட்டு அதன் பலனை அனுபவித்தேன். முல்லைத்தீவுப் பக்கத்துக் குளம் ஒன்றைப் பற்றி அறியப் போனபோது, ஆங்கிலேயர் கால நூலில் அதைப் பற்றி இருந்த குறிப்பை முன்கூட்டியே படித்து, கேள்விகளை அதிலிருந்து வரிசையாக எழுதிக்கொண்டு போயிருந்தேன். எண்பது வயதைக் கடந்த பெரியவர் ஒருவர் குளக்கட்டில் இருந்தபடி என் முதல் நான்கு கேள்விகளுக்கும் "ஓம்" என்று மட்டும் விடை சொன்னார். ஐந்தாவது கேள்வியில் என் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "நீங்கள் எல்லாம் படிச்சுப்போட்டுத்தானே வந்திருக்கிறியள் பிள்ளை, பிறகேன் என்னட்டைக் கேக்கிறியள்?" என்றார். அன்று மாலை வரை அவர் சொன்னதில் எனக்குப் புதிதாக எதுவுமே கிடைக்கவில்லை. அவரிடம் இல்லாததால் கிடைக்காமல் போகவில்லை. நான் கேட்ட கேள்விகளில் அதற்கு இடமே இருக்கவில்லை.

ஆகவே, தாளை மடித்து வைத்துவிட்டு, சொல்பவரோடு நடந்து போங்கள். வீட்டு விறாந்தையில் கதிரை போட்டு இருத்திக் கேட்டால் பொதுவான பேச்சே வரும். குளக்கட்டில் நடந்தால் "இந்தத் துருசு (மதகு) முந்தி அங்காலை இருந்தது" என்றும், "வான் பாயேக்குள்ளை இதாலை மாடு கடக்கேலாது" என்றும் இடத்தோடு ஒட்டிய நினைவுகள் எழும். காலபோக வெள்ளாண்மை வெட்டி, சூடடித்து முடிந்த பின் வரும் மாசி, பங்குனி மாதங்களே இதற்கு வாய்ப்பானவை. கமக்காரருக்கு அப்போதுதான் பேச நேரம் உண்டு, குளத்தின் அலைகரையும் அப்போதுதான் வெளியே தெரியத் தொடங்கும்.

ஆண்டைக் கேட்காதீர்கள், நிகழ்வைக் கேளுங்கள். 1957 ஆம் ஆண்டு வெள்ளத்துக்கு முன்னா பின்னா, 1964 ஆம் ஆண்டுப் புயலுக்கு முன்னா பின்னா என்று கேட்டால் முதியவர்கள் தயங்காமல் சொல்வார்கள். அவர்களுடைய தாய் தந்தையர் சொன்னதைத் தனியாகவும், தாங்கள் கண்டதைத் தனியாகவும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரே செய்தியை ஒருவரையொருவர் சந்திக்காத இரண்டு குடும்பங்களிடம் கேட்பதும் அவசியம்.

யாரைக் கேட்கிறீர்கள் என்பதிலேயே அதிகாரம் தொடங்கிவிடுகிறது. ஊருக்குள் போனவுடன் எல்லோரும் காட்டுவது கோயில் தலைவரையும், ஓய்வுபெற்ற அதிபரையும், பழைய விதானையின் மகனையும்தான். வெள்ளைக்கார உத்தியோகத்தர்களும் இதே வீடுகளுக்குத்தான் போனார்கள். பெண்களையும், கோயிலின் வெளிவீதியோடு நிறுத்தப்பட்ட குடும்பங்களையும், 1958 இலும் 1977 இலும் வன்செயல்களால் துரத்தப்பட்டு மலையகத்தில் இருந்தும் பிற இடங்களில் இருந்தும் வந்து காடு வெட்டிக் குடியேறியவர்களையும் கேட்காமல் எழுதும் வரலாறு, நூற்றிருபது ஆண்டுகளுக்கு முந்தைய நாட்குறிப்பின் தமிழ்ப் பிரதியாகவே முடியும்.

பாட்டையும் ஒப்பாரியையும் சாட்சியாக எடுங்கள். குமுளமுனைப் பக்கத்தில் வழங்கும் அரியாத்தையின் கதையை நினைத்துப் பாருங்கள். ஆண்கள் தயங்கி நின்ற வேளையில் கொம்பன் யானையைப் பிடித்து வந்து கட்டியவள் அவள். பின்னர் பொறாமை கொண்டவர்களால் நஞ்சூட்டப்பட்டு இறந்தாள் என்று ஒப்பாரி சொல்கிறது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் வன்னியின் தலைவர்களான வன்னிபங்களிடம் யானைகளைத் திறையாகப் பெற்றார்கள். அவர்களுடைய கணக்குகளுக்கு வேண்டியிருந்தது யானைகளின் எண்ணிக்கை. யானை பிடித்த பணிக்கரின் வீடு, அந்த வீட்டுப் பெண்ணின் துணிவு, ஊருக்குள் இருந்த பகை ஆகியவற்றை அறிய ஒப்பாரியிடம்தான் போகவேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் யானைத் திறை என்ற சொல்லுக்குள் மனிதர்கள் தெரிவார்கள்.

மூன்றாம் படி: ஏட்டை எழுதியவர் எங்கே நின்று எழுதினார் என்று பாருங்கள்

இப்போது நூல்களைத் திறக்கலாம். ஒவ்வொரு நூலின் முன்னும் வைக்கவேண்டிய கேள்வி, எழுதியவர் வன்னியில் யாரைக் கண்டார், எதற்காகக் கண்டார் என்பதே.

ஆங்கிலேயக் கப்பல்காரரான ரொபர்ட் நொக்ஸ் 1660 இல், திருகோணமலைக்கு அண்மையில் உள்ள கொட்டியாரத்தில் பிடிபட்டு, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கண்டி இராச்சியத்தில் சிறையிருந்து, 1679 இல் அருவி ஆற்றின் வழியே காட்டுக்குள்ளால் இறங்கி, அரிப்பு என்ற கரையோர ஊரில் இருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தவர். 1681 இல் இலண்டனில் வெளியான அவருடைய நூலும் வரைபடமும், கண்டி மன்னனுக்குக் கட்டுப்படாத கைலாய வன்னியனின் நாட்டைக் குறிப்பிடுகின்றன. வன்னியின் தனியாட்சிக்குச் சான்றாக நாம் இதை மகிழ்ச்சியோடு எடுத்தாள்கிறோம், எடுத்தாளவும் வேண்டும். ஆனால் அந்தப் பயணத்தில் நொக்ஸ் மனிதரின் கண்ணில் படாமல் ஒளிந்து ஒளிந்து போனவர் என்பதை மறக்கக்கூடாது. அவருடைய காடு ஆளரவமற்றதாகத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

போர்த்துக்கேயர் காலத்துக்கு எல்லோரும் நாடும் பெர்னாவோ டி குவைறோஸ் பாதிரியாரின் பெருநூல் 1687 அளவில் கோவாவில் முடிக்கப்பட்டது. அவர் இலங்கைக்கு வந்து பார்த்து எழுதியவர் அல்லர். பிறருடைய கடிதங்களையும் வாய்மொழிகளையும் கொண்டு எழுதினார். செவிவழி என்பதற்காக ஊர்க் கிழவியின் சொல்லைத் தள்ளுபவர்கள், குவைறோஸை மேற்கோள் காட்டும்போது அதே அளவுகோலை ஏன் எடுப்பதில்லை?

ஒல்லாந்தரின் கடைசிக் காலத்தில் வன்னியை நிர்வகித்த தோமஸ் நாகல் 1793 இல் எழுதிய அறிக்கை விரிவானது. அவர் படைத்துறையைச் சேர்ந்தவர். வருமானம் வரும்படி நாட்டை ஒழுங்குபடுத்த அனுப்பப்பட்டவர். முன்பு இருந்தது எவ்வளவு மோசம், தாம் வந்த பின் எவ்வளவு சீர்ப்பட்டது என்று மேலிடத்துக்குக் காட்டவேண்டிய தேவை அவருக்கு இருந்தது. ஆகவே வயல், வரி, குடிகள் பற்றிய அவருடைய விவரங்களைப் பயன்படுத்துங்கள். வன்னிபங்களின் குணம் பற்றிய தீர்ப்புகளை எதிர்த்தரப்பு வழக்கறிஞரின் உரையாக வாசியுங்கள்.

ஜே. பி. லூயிஸ் 1895 இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்களின் கைந்நூல் இல்லாமல் எவரும் வன்னியைப் பற்றி எழுத முடியாது என்ற நிலை இன்றும் உள்ளது. அவர் உழைப்பாளி, வழக்கங்களையும் நம்பிக்கைகளையும் பொறுமையோடு திரட்டியவர். அவரை நான் நன்றியோடே வாசிக்கிறேன். ஆயினும் அவர் வரி, நீதி, காணி ஆகிய மூன்றையும் கையில் வைத்திருந்த நிர்வாகத்தைச் சேர்ந்தவர். அத்தகைய ஒருவரின் முன்னால் நின்று "உங்களிடம் எத்தனை மாடு, எங்கே காடு வெட்டிச் சேனைப் பயிர் செய்தீர்கள்?" என்ற கேள்விக்கு விடை சொன்ன கமக்காரர் எதை மறைத்திருப்பார் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

நான்காம் படி: வாக்கியத்துக்குப் பின்னால் உள்ள வாயைத் தேடுங்கள்

மூன்று நிறப் பேனாக்கள் போதும். உத்தியோகத்தர் தம் கண்ணால் கண்டதை ஒரு நிறத்திலும், 'சொல்லப்படுகிறது', 'நம்பப்படுகிறது' என்று எழுதியதை இன்னொரு நிறத்திலும், 'சோம்பல்', 'மூடநம்பிக்கை', 'அழிந்துவரும் மக்கள்' போன்ற தீர்ப்புகளை மூன்றாவது நிறத்திலும் கோடிடுங்கள். முதல் நிறத்தில் வருவது நீங்கள் எண்ணியதை விடக் குறைவாக இருக்கும். இரண்டாவது நிறத்தில் வருவதே உங்களுக்குப் பொன். அங்கேதான் பெயர் எழுதப்படாத வன்னி மனிதர் ஒருவர் பேசிக்கொண்டிருக்கிறார்.

மூலத்தைக் காண வசதி இருந்தால் கொழும்பில் உள்ள தேசிய சுவடிக்கூடத்துக்குப் போங்கள். அரசாங்க அதிபர்களும் உதவி அரசாங்க அதிபர்களும் எழுதிய நாட்குறிப்புகள் அங்கே உள்ளன. அச்சு நூலில் சீராக்கப்பட்ட செய்தி நாட்குறிப்பில் சில வேளை கரடுமுரடாக, கேட்டவாறே கிடக்கும். நூலகம் நிறுவனத்தின் இணையத் தளத்தில் பழைய மலர்களையும் நூல்களையும் கட்டணமின்றி வாசிக்கலாம். படி எடுக்கும்போது நாளையும் பக்கத்தையும் அந்த இடத்திலேயே குறியுங்கள்.

ஐந்தாம் படி: பெயர்களைப் பிரித்துப் பாருங்கள்

மன்னாரின் பெருங்குளத்தை ஆங்கில வரைபடங்கள் அரக்கனின் குளம் என்ற பொருளில் 'ஜயன்ற்ஸ் டாங்க்' என்றன. ஊரார் கட்டுக்கரைக்குளம் என்றார்கள். முதற்பெயர் கட்டியவர்களை மனிதரல்லாதவர் ஆக்கிவிடுகிறது. இரண்டாவது பெயரில் கட்டும் கரையும், ஆகவே கட்டிய கைகளும் உள்ளன. நொக்ஸ் தொடங்கிப் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை நம் மக்களை 'மலபார்' என்று எழுதியதால், அந்தச் சொல்லைக் கண்டு குழம்பி வேறு யாரையோ பற்றிப் பேசுகிறார்கள் என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அடங்காப்பற்று என்ற வன்னியின் பழைய பெயரையோ நாம் விளக்கவே வேண்டியதில்லை. நாடே தன்னைப் பற்றிச் சொன்ன வாக்குமூலம் அது.

பெயரிடும் உரிமை எதிர்த்திசையிலும் ஓடியது. உடலெங்கும் புண்ணாக்கிய ஒரு நோயை நம்மவர்கள் பறங்கி நோய் என்றார்கள். வந்தவனோடு வந்த நோய் என்பதே அந்தப் பெயருக்குள் இருந்த குற்றச்சாட்டு. 1881 இல் ஆங்கிலேய மருத்துவ அதிகாரி கின்சி இந்நோய் பற்றி அறிக்கை எழுதியபோது 'பறங்கி' என்ற பெயரையே எடுத்துக்கொண்டார். நோயின் தோற்றம் பற்றி மருத்துவம் என்ன சொன்னாலும், மக்கள் யாரை நோக்கி விரலை நீட்டினார்கள் என்பதற்கு அந்தப் பெயரே ஆவணம். வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயிலில் சொல்லப்படும் கதையும் இவ்வகையானதே. அம்மனை இகழ்ந்து குதிரையில் வந்த வெள்ளைக்கார அதிகாரியைப் பன்னிச்சை மரம் குலுங்கிக் காய்களால் அடித்துத் துரத்தியது என்ற கதையில், மரம் உண்மையில் குலுங்கியதா என்று கேட்பவர் கேட்கவேண்டிய கேள்வியை விட்டுவிடுகிறார். துப்பாக்கியும் அரசாங்கக் கச்சேரியும் யாரிடம் இருந்தனவோ அவரை ஊர் தன் கதைக்குள் இழுத்து வந்து எப்படி நிறுத்தியது என்பதே இங்கே வரலாறு.

ஆறாம் படி: மெய்ப்பிக்கும் சுமை யார் தலையில் வைக்கப்பட்டது?

எல்லாப் படிகளிலும் இது கனமானது. 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம், காடாகவும் தரிசாகவும் ஆட்சியின்றியும் பயிரின்றியும் கிடக்கும் காணி யாவும், மாறாக மெய்ப்பிக்கப்படும் வரை, பிரித்தானிய முடிக்கு உரியதாகவே கொள்ளப்படும் என்றது. விட்டு விட்டுப் பயிர்செய்யும் சேனை நிலங்களையும் அது விடவில்லை. ஒரு காட்டில் ஒரு போகம் வெட்டி விதைத்து, பின்னர் பல ஆண்டுகள் காடாக விட்டு, மீண்டும் வந்து வெட்டுவது வன்னியின் வழக்கம். காணி ஓய்ந்திருந்த ஆண்டுகள் சட்டத்தின் கண்ணில் உரிமை இல்லாத ஆண்டுகளாயின. அரசு எதையும் மெய்ப்பிக்க வேண்டியதில்லை. தலைமுறையாக உழுதவரே காணி உறுதியைக் காட்டவேண்டும். எழுத்தில் இருப்பது உண்மை, வாயில் இருப்பது வெறும் பேச்சு என்ற பிரிவு அறிஞரின் மேசையில் மட்டும் தோன்றியதல்ல. அதற்குச் சட்டத்தின் பலம் கொடுக்கப்பட்டது.

2009 வரை நீண்ட இடப்பெயர்வுகளில் உறுதிகளையும், குடும்ப ஏடுகளையும், கோயில் கணக்குகளையும் பதுங்குகுழிகளிலும் வீதிகளிலும் விட்டு வந்த ஒரு மக்களிடம் இன்றும் "எழுத்தில் என்ன இருக்கிறது?" என்று கேட்கப்படும்போது, இந்தப் பழைய சுமைதான் மீண்டும் தலையில் ஏறுகிறது. ஆகவே, குளத்தின் அருகே உள்ள காடு பற்றிப் பழைய ஆவணம் ஒன்றில் 'தரிசு' என்று கண்டால், அங்கே யாருடைய மேய்ச்சல் பட்டி இருந்தது, யார் தேன் எடுத்தார்கள், எந்தப் புளியமரத்தின் கீழ் வீடு இருந்தது என்று கேட்டு, கிணற்றையும் மரத்தையும் படம் எடுத்து, சொன்னவரின் ஒப்புதலோடு நாளிட்டு எழுதி வையுங்கள்.

ஏழாம் படி: நம் ஏடுகளையும் அதே கூண்டில் ஏற்றுங்கள்

இதைச் செய்ய மனமில்லாதவர் முன்னைய படிகளைச் செய்ததால் பயன் இல்லை. யாழ்ப்பாண வைபவமாலை மயில்வாகனப் புலவரால் 1736 ஆம் ஆண்டளவில் மேக்கறூன் என்ற ஒல்லாந்த அதிகாரி கேட்டதற்கு இணங்க எழுதப்பட்டது. தமிழில் இருக்கும் நூலும் ஆட்சியாளரின் கேள்விக்கு விடையாகப் பிறந்திருக்கலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அடங்காப்பற்றில் வன்னியர் குடியேறிய கதையைக் கூறும் வையாபாடலில் பேசப்படுவோர் அனேகமாகத் தலைவர்களே. குளம் வெட்டிய கைகளுக்கு அதில் அவ்வளவு இடம் இல்லை. யாழ்ப்பாணத்துப் படித்தவர்கள் வன்னியைப் பின்தங்கிய காடாக எழுதியதையும் நாம் ஆங்கிலேயரின் பார்வையை வாசிக்கும் அதே கவனத்தோடு வாசிக்கவேண்டும்.

பண்டாரவன்னியன் விடயத்தில் எனக்கு மிகுந்த கவனம் உண்டு. காக்கை வன்னியன் என்ற தலைவன் அவனைக் காட்டிக்கொடுத்தான் என்ற கதையை நாடகமேடைகளில் கண்டு வளர்ந்தோம். அது மேடையின் வழியே நம் நெஞ்சில் பதிந்தது என்பதை வெளிப்படையாக எழுதுங்கள். கற்சிலைமடுக் கல்லும் 'தோற்கடித்தார்' என்றுதான் சொன்னது, 'கொன்றார்' என்று சொல்லவில்லை. அவன் அன்றே வீழ்ந்தான் என்று எழுதுபவர்கள் எதிரியின் கல்லைவிட ஒருபடி மேலே போய்விடுகிறார்கள்.

எட்டாம் படி: எழுதி, ஊருக்கு வாசித்துக் காட்டுங்கள்

சாட்சிகள் முரண்பட்டால் ஒன்றை அழித்துவிடாமல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்; உங்களுக்கு எது பொருத்தமாகப் படுகிறது, ஏன் என்பதையும் உங்கள் பெயரில் சொல்லுங்கள். 'அறியப்படுகிறது' என்று முடிக்காமல், அறிந்தவர் யார் என்று எழுதுங்கள். சொன்னவர் தம் பெயரை விரும்பினால் பெயரோடும், காணிப் பிணக்கோ சாதிப் பேச்சோ உள்ள இடத்தில் அவர் விரும்பாவிட்டால் பெயரின்றியும் எழுதவேண்டும். அச்சுக்குப் போகுமுன் கோயில் மண்டபத்திலோ சனசமூக நிலையத்திலோ மாலை வேளையில் ஆட்களைக் கூட்டி, முழுவதையும் உரத்து வாசியுங்கள். பெண்கள் வரக்கூடிய நேரமாகப் பாருங்கள்.

நாங்கள் அப்படி வாசித்த ஒரு மாலையில், 'கைவிடப்பட்ட குளம்' என்ற சொற்றொடர் வந்தது. ஆங்கிலேயரின் குளப் பட்டியல்களில் இருந்து எடுத்தது; அது என் கண்ணுக்குத் தவறாகவே படவில்லை. பின்வரிசையில் பாயில் இருந்த மூதாட்டி ஒருவர் கையை உயர்த்தினார். "ஆர் தம்பி கைவிட்டது? காய்ச்சல் வந்து சனம் செத்து, மிஞ்சின நாலு குடியும் அடுத்த குளத்துக்கு எழும்பினது. போகத்துக்கு ஒருக்கா வந்து ஐயனாருக்குப் பொங்கிப்போட்டுத்தான் போறவை. என்ரை அம்மாவும் பானை தூக்கிக்கொண்டு வந்தவ" என்றார். எங்கே பொங்கினார்கள் என்று கேட்டோம். மறுநாள் காலை கட்டின் வடக்கு முனையில், பாலை மரத்தடியில், கரி படிந்த மூன்று கற்களைக் காட்டினார். அந்தப் பக்கத்தில் இரண்டு சொற்களை வெட்டிவிட்டு, 'காய்ச்சலால் குடிகள் எழும்பிய பின்னும் போகம் தவறாமல் பொங்கலிடப்பட்டு வந்த குளம்' என்று எழுதினோம்; அதன் கீழே மூன்று கற்களின் படத்தையும், அவர் சொன்னதை அவர் சொன்னபடியேயும் சேர்த்தோம்.